ஒரு பக்கெற் செத்தல் மிளகாயும் ஒரு தகுதிச் சுற்றும்

அன்றைக்கு மண்டபத்து ஹோலுக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். நான். என் மனைவி மலர். எங்கள் மகள் தர்ஷி. சிவம் அங்கிள், அவருடைய மனைவி பூமணி அன்ரி. ரவியண்ணை, அவருடைய மனைவி கலா அக்கா. கோயம்புத்தூர்க் கார்த்திக், அவருடைய மனைவி பிரியா. ஒன்பதுக்கு மேலே ஒருவர் இல்லை, கீழேயும் ஒருவர் இல்லை. இதை நான் ஞாபகத்தில் இருந்து எழுதவில்லை. கையில் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் இருக்கிறது. (ரவியண்ணை, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயருக்குப் பக்கத்திலும் சரி இருக்கிறது. நீலப் பேனையால் போட்டது.)

இந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று சொல்வதற்கு முதல் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். நான் பயந்தவன். கொஞ்சம் பயந்தவன் இல்லை, முழுநேரப் பயந்தவன். மெல்பேணில், ரோவிலில் இருந்து வேலைக்கு வெளிக்கிட்டால் மூன்றாவது ரவுண்டபவுட்டில் காரைத் திருப்பி வீட்டுக்கு வருவேன், அயர்ன் பொக்ஸ் நிற்பாட்டியிருக்கிறதா என்று பார்க்க. எங்கள் வீட்டில் அயர்ன் பண்ணுவது வருசத்தில் இரண்டு தரம், அதுவும் கலியாண வீடு வந்தால். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்களுக்கு எது நடக்கும், எது நடக்காது என்று ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாதபடியால், எல்லாமே நடக்கும் என்று வைத்துக்கொண்டு சீவிக்கிறேன். பாதுகாப்பான முறை அதுதான்.

இப்படிப்பட்டவனுக்குப் பொருத்தமான வேலை கிடைத்தது. ஸ்பிரிங்வேலில் ஒரு சமூக மண்டபத்துக்கு நான்தான் கேர்டேக்கர். கதிரை அடுக்குவேன், தரை துடைப்பேன், சாவி வைத்திருப்பேன். அதோடு நான்தான் அந்த மண்டபத்தின் பயர் வோர்டன். நெருப்புப் பிடித்தால் ஆட்களை வெளியே அனுப்பித் தலையெண்ணுகிற பொறுப்பு. அதற்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு. எல்லாரும் ஒருதரம் போனார்கள், நான் மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் போனபோது படிப்பிக்கிறவர் தேத்தண்ணி இடைவேளையில் வந்து, "உமக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டார்.

மண்டபத்துக் குசினிச் சுவரில் ஒரு அறிவித்தல் இருக்கிறது. தமிழில் எழுதியது நான், என் சொந்தக் கையெழுத்து: "புகை வரும்படி எதையும் இங்கே எரிக்க வேண்டாம். அலாம் அடித்தால் தீயணைப்பு வண்டி தானாக வரும். அதன் செலவு உங்களுடையது." 'உங்களுடையது' என்பதற்குக் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தேன்.

இனி ஆரபியின் கதைக்கு வருகிறேன்.

என் தங்கச்சி சாந்தி நோர்வேயில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் ஆரபி, எனக்கு மருமகள். சின்னனில் இருந்தே பந்தும் காலுமாகத் திரிந்த பிள்ளை. பதினைந்து வயதில் வேறு நகரத்தில் தங்கிப் படித்துக்கொண்டு உதைபந்து விளையாட ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சாந்தி போன் எடுத்துக் கேட்டாள்.

"அண்ணா, நீ என்ன சொல்லுறாய்? விடவோ?"

என்னிடம் அபிப்பிராயம் கேட்பது தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாட்ட மறப்பது மாதிரி. நாற்பது நிமிசம் கதைத்தேன். கால் முறியும் என்றேன். முழங்கால் போனால் போனதுதான் என்றேன். குளிர் பிடிக்கும், மழையில் நனைந்து நெஞ்சில் சளி கட்டும் என்றேன். வெயிலில் கறுத்துப்போவாள் என்றுகூடச் சொன்னேன். (நோர்வேயில்! சூரியன் பாதி வருசம் லீவில் நிற்கிற நாட்டில்!) கடைசியாக, "உதைபந்து அடிக்கிற பெட்டையை ஆர் கட்டுவான்?" என்றும் கேட்டுவைத்தேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பிள்ளை பக்கத்தில் இருந்தாள்.

"மாமாவோட நான் இனிக் கதைக்க மாட்டன்" என்று ஒரு குரல் கேட்டது. கதவு அடித்துச் சாத்துகிற சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருசம் அந்தக் குரலை நான் கேட்கவில்லை. பிறந்தநாளுக்கு வீடியோவில் கூப்பிட்டால் ஒரு தோள்மூட்டு மட்டும் திரையின் ஓரத்தால் போகும். நல்ல காலம், என் சொல்லைக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. தகப்பன் அடுத்த கிழமையே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

பிறகு ஒருநாள் சாந்தியிடம் இருந்து செய்தி வந்தது. "அண்ணா, ஆரபியை நாட்டின்ர ரீமில எடுத்திட்டினம்!"

பெண்கள் உலகக் கிண்ணத்துக்குப் போவதற்கு முதல் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் விளையாடுகிற தகுதிச் சுற்று. நோர்வேக்கு ஒரு குட்டித் தீவு நாட்டோடு ஆட்டம். அங்கே வெள்ளிக்கிழமை இரவு, எங்களுக்குச் சனிக்கிழமை காலை ஆறு மணி.

நான் அழுதேன். பிறகு ஆரபியின் படத்தை, நோர்வேச் சட்டையோடு சிரிக்கிற படத்தை, "எங்கள் மருமகள் விளையாடுகிறா, சனி காலை ஆறு மணி" என்று போட்டுப் பதினாலு வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். அதில் ஒன்று பழைய கார் விற்கிற குழு.

சாந்திதான் யோசனை சொன்னாள். "அண்ணா, அவள் இறங்கி விளையாடுற நேரம் நீங்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டுறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. உன்ர முகமும் தெரியவேணும். அதைக் கண்டால் மனம் இளகுவாள். மற்றும்படி நான் சொல்லி அவள் கேக்கமாட்டாள்."

எனக்கு வேண்டியது அந்த ஒரு வீடியோதான். ஆரபி மைதானத்துக்குள் கால் வைக்கிற அந்தக் கணம், நான் கைதட்டுகிற அந்த முகம். ஐந்து வருசத்துக்குப் பதில் அதுதான்.

மனேஜரிடம் கேட்டேன், காலை ஒன்பது மணிவரை ஹோலை இலவசமாகத் தந்தார். நாற்பது பேர் வருகிறோம் என்று சொன்னார்கள். நானூறு இடியப்பத்துக்குச் சொன்னேன். அவ்வளவு சம்பல், ஒரு பெரிய பானை சொதி. நாற்பதில் எட்டுப் பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் என் சொந்த வீட்டுக்காரர். ஆளுக்கு நாற்பத்துநாலு இடியப்பம்.

தர்ஷி லப்டொப்பைப் பொருத்திப் பெரிய திரையில் ஆட்டத்தைப் போட்டாள். பிரியா வீடியோ எடுக்கத் தயாராகப் போனோடு நின்றாள். இரண்டு அணியும் வரிசையாக நின்று நாட்டுப் பாட்டுப் பாடினார்கள். கமரா ஒவ்வொரு முகமாகப் போனது. பதினொரு முகம் போனது. நான் கைதட்ட உயர்த்திய கை உயர்த்தியபடி நின்றது.

"அண்ணா," என்றார் கார்த்திக் மெதுவாக. "பொண்ணு லைன்-அப்ல இல்லீங்களே."

"இல்லையெண்டால்? ரீமில எடுத்தவையெல்லோ!"

"டீம்ல எடுத்துருக்காங்க, சரிங்ண்ணா. ஆனா பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க. தேவைப்பட்டா எறக்குவாங்க."

"தேவைப்படாட்டி?"

"எறக்க மாட்டாங்க."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ரீமில் எடுத்தால் விளையாட விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வேலைக்கு எடுத்த ஆளை ஒருவரும் கதிரையில் இருத்திவைத்துச் சம்பளம் கொடுப்பதில்லையே.

"அப்ப நீர் எங்களைக் காலமை அஞ்சு மணிக்கு எழுப்பினது பெஞ்சு பாக்கவோ?" என்றார் சிவம் அங்கிள். அவர் கொழும்பில் கணக்குக் கந்தோரில் முப்பது வருசம் வேலை செய்தவர். ஒரு பிழையைக் கண்டால் சந்தோசப்படுவார்.

"பெஞ்சும் ரீமுக்குள்ளதான் அங்கிள்" என்றேன்.

"ஓம் ஓம். நானும் கந்தோரில பெஞ்சிலதான் இருந்தனான்."

ரவியண்ணை பன்னிரண்டாவது இடியப்பத்தில் இருந்தார்.

முதல் பாதி முடிந்தது. ஒருவரும் கோல் போடவில்லை. அந்தக் குட்டித் தீவு நாட்டுப் பெண்கள் பதினொரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் மதில் கட்டின மாதிரி நின்றார்கள். இரண்டாம் பாதியிலும் அதேதான். சமநிலையில் முடிந்தால் நோர்வே குழுவில் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடும், உலகக் கிண்ணத்துக்குச் சுற்றுப் பாதையால்தான் போகவேண்டிவரும் என்று கார்த்திக் விளங்கப்படுத்தினார். எனக்கு அந்தக் கவலையையும் சேர்த்துப் படுவதற்கு நெஞ்சில் இடமில்லை.

அறுபதாவது நிமிசத்தில் ஒருத்தியை மாற்றினார்கள். ஆரபி இல்லை. அறுபத்தைந்தில் இன்னொருத்தி. அதுவும் ஆரபி இல்லை. கமரா ஒரு நொடி பெஞ்சைக் காட்டியது. பத்தொன்பதாம் இலக்கச் சட்டை. என் தங்கச்சியின் மூக்கு. தடித்த ஜக்கெற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு குளிரில் குந்தியிருந்தாள். (குளிர் பிடிக்கும் என்று அப்போதே சொன்னேன். வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன்.)

அப்போதுதான் பூமணி அன்ரி வாய் திறந்தார்.

"இது கண்ணூறு."

"என்ன அன்ரி?"

"பின்ன? பிள்ளையின்ர படத்தை ஊர் முழுக்க அனுப்பினீர். பழைய கார் விக்கிறவன்கூட எனக்கு அனுப்பினவன். எத்தினை கண் பட்டிருக்கும்! மூண்டு செத்தல் மிளகாய், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கடுகு. பிள்ளையைச் சுத்தி மூண்டு தரம் எடுத்து நெருப்பில போட்டால் சரி."

"பிள்ளை நோர்வேயிலயெல்லோ!"

"திரையில நிக்கிறாள்தானே."

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிசன் சிரித்திருப்பான். மலர் சிரித்தாள். "இஞ்சருங்கோ, பேசாமல் இருங்கோ" என்று என் சட்டையையும் பிடித்தாள். ஆனால் அன்ரி சொன்னது என் பயத்துக்குள் சரியான இடத்தில் போய்க் குத்தியது. ஐந்து வருசத்துக்கு முதல் என் வாயால் அந்தப் பிள்ளையைத் தடுக்கப் பார்த்தேன். இப்போது என் வட்ஸ்அப்பால் தடுத்துக்கொண்டிருக்கிறேன். பெஞ்சில் அவளை இருத்தியது பயிற்சியாளர் இல்லை, நான்.

குசினிக்குப் போனேன். போன மாதம் கலியாண வீட்டுக்காரர் விட்டுப்போன சாமான்களுக்குள் ஒரு பக்கெற் செத்தல் மிளகாய் இருந்தது, உடைக்காதது, இருநூறு கிராம். மூன்று மிளகாயை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரே அறைக்குள் இருக்கிற பிள்ளைக்கு மூன்று. சரி. ஆனால் இது நோர்வே. பிளேனில் போனாலே ஒரு நாள் பிடிக்கும். பதினாலு குழுக்கள். ஒரு குழுவில் மட்டும் இருநூற்றுச் சொச்சம் பேர். என் கணக்கு வேறு எங்கேயும் வேலை செய்யாது, அன்றைக்கு மட்டும் வெகு வேகமாக வேலை செய்தது. முழுப் பக்கெற்றையும் எடுத்தேன்.

ஆரபியைத்தான் சுற்றவேண்டும், ஆனால் கமரா பெஞ்சைக் காட்டவேண்டுமே. இரண்டு கையிலும் மிளகாயை அள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் காத்து நின்றேன். என் நிழல் மைதானத்தின் பாதியை மறைத்தது.

"அப்பா, மூவ்! ஐ கான்ட் சீ எனிதிங்!" என்று தர்ஷி கத்தினாள்.

எழுபத்திரண்டாவது நிமிசம் பெஞ்சு வந்தது. ஒரு சுற்றுச் சுற்றினேன். படம் மாறிவிட்டது. எழுபத்தைந்தில் மறுபடி பெஞ்சு, ஜக்கெற் போட்ட ஒரு உருவம். அவசரமாக இரண்டாவது சுற்று.

"அண்ணா! அது எதிர் டீமோட கோச்சுங்ண்ணா!"

சரி, அந்த மனிசிக்கும் சேர்த்துக் கழித்தாயிற்று. போகட்டும். எழுபத்தெட்டில் ஆரபி எழும்பிக் கோட்டுக்குப் பக்கத்தால் ஓடி உடம்பைச் சூடாக்குவது தெரிந்தது. "பாத்தியளோ! வேலை செய்யுது!" என்று அன்ரி கத்தினார். நான் அவளோடு சேர்ந்து திரையின் முன்னால் ஓடி ஓடி இரண்டு சுற்றுச் சுற்றிக் குசினிக்குப் பாய்ந்தேன்.

இரும்புத் தாச்சியை அடுப்பில் வைத்தேன். நெருப்பை முழுசாகத் திறந்தேன். பக்கெற்றைக் கொட்டினேன். உப்பு. கடுகு. நிமிர்ந்து பார்த்தபோது என் கண்ணுக்கு நேரே என் கையெழுத்து. இரண்டு கோடு இழுத்த 'உங்களுடையது.'

வாசித்து முடிக்கவில்லை. முதல் இருமல் வந்தது.

அதை இருமல் என்று சொல்வது மரியாதைக்கு. இருநூறு கிராம் செத்தல் ஒன்றாகக் கருகினால் வருவது வேறு ஒரு சாமான். தொண்டைக்குள் ஒரு ஆள் தும்புத்தடியால் கூட்டுகிற மாதிரி இருக்கும். புகை குசினிக் கதவால் வெளியேறி ஹோலுக்குள் போனது. சிவம் அங்கிள் இருமினார். கலா அக்கா இருமினார். பிரியா "அய்யோ, கண்ணு, கண்ணு!" என்றாள். அதற்குப் பிறகு அலாம் அடித்தது.

அந்தச் சத்தத்தை நான் பயிற்சி வகுப்பில் மூன்று தரம் கேட்டிருக்கிறேன். மூன்று தரமும் யாரோ ஒரு மடையன் செய்த பிழையால் அது அடிக்கும் என்றுதான் கற்பனை பண்ணியிருந்தேன்.

இனி நான் சொல்வதை நம்புங்கள்: அந்த நிமிசம் என் பயம் எல்லாம் போய்விட்டது. நாற்பத்தேழு வருசமாக நான் பயந்துகொண்டிருந்தது கடைசியில் நடந்தே விட்டது, இனிப் பயப்பட என்ன இருக்கிறது? அடுப்பை நிற்பாட்டினேன். வோர்டன் போடுகிற மஞ்சள் வெஸ்ட்டை மாட்டினேன். பட்டியல் அட்டையை எடுத்தேன்.

"எல்லாரும் வெளியில! சாமான் ஒண்டும் எடுக்கவேண்டாம்! கார் பார்க்குக்கு நடவுங்கோ, ஓடவேண்டாம்!"

"அப்பா, லப்டொப்!"

"லப்டொப் எரியட்டும்!"

"பட் ஆரபி அக்கா இஸ் அபௌட் டு கம் ஒன்!"

"ஆரபி அங்க பத்திரமா நிக்கிறாள். நீ வெளியில நட!"

என் மகள் என்னை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முதல் காணவில்லை. பயத்தில் இல்லை, ஒரு மாதிரி மரியாதையில். அது ஒரு நிமிசம்தான் நீடித்தது.

கார் பார்க்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சரி போட்டேன். அதுதான் நான் சொன்ன பட்டியல். ரவியண்ணை கடைசியாக வந்தார், இரண்டு கையிலும் ஒரு பெரிய இடியப்பத் தட்டு, அதன் மேலே சம்பல் சட்டி.

"சாமான் எடுக்கவேண்டாம் எண்டு சொன்னனான்!"

"இது சாமான் இல்லை, சாப்பாடு" என்றார்.

பூமணி அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "தம்பி, கண்ணூறு உண்மையா இருந்தால் மிளகாய் நாறாது, இருமலும் வராது. இவ்வளவு இருமினமெண்டால் பிள்ளைக்குக் கண்ணூறே இல்லை."

"அன்ரி, நீங்கள்தானே எரிக்கச் சொன்னனீங்கள்!"

"நான் மூண்டு மிளகாய் சொன்னனான். நீர் கடையைக் கொளுத்தினீர்."

தர்ஷி தன் போனில் ஆட்டத்தைப் பிடித்திருந்தாள். எட்டுத் தலைகள் அந்த உள்ளங்கை அகலத் திரையைச் சுற்றிக் குனிந்தன. நான் கிட்டப் போகவில்லை. வோர்டன் தள்ளி நின்று பார்க்கவேண்டும். அப்போது சைரன் கேட்டது. சிவப்பு வண்டி கார் பார்க்குக்குள் திரும்பி நின்றது. நான்கு பேர் குதித்தார்கள். முன்னால் வந்தது ஒரு பெண், ஆறடி உயரம்.

"இங்கே வோர்டன் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கையைத் தூக்கினேன். என் வெஸ்ட் பதில் சொல்லியே இருந்தது.

"என்ன எரிகிறது?"

"மிளகாய்."

"சமைத்துக்கொண்டிருந்தீர்களா?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். இந்தச் சம்பவத்தில் எனக்குச் சொல்லத் தெரியாத ஆங்கிலம் அந்த இடத்தில்தான் தேவைப்பட்டது. தர்ஷி வந்து, தன் வாழ்க்கையில் இதைவிட வெட்கப்படப்போவதில்லை என்ற குரலில், நோர்வே, கண்ணூறு, திரை, எதிரணிப் பயிற்சியாளர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டு பேர் உள்ளே போனார்கள். போன வேகத்தில் இருமிக்கொண்டு வெளியே வந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு மறுபடி போனார்கள்.

அந்த உயரமான பெண் ஒரு படிவத்தை என் கையில் தந்தார். கையெழுத்துப் போடவேண்டும். பிறகு போனைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"என்ன ஸ்கோர்?"

"சைபருக்குச் சைபர்" என்றார் கார்த்திக். "எண்பத்தஞ்சு நிமிஷம்."

"நானும் விளையாடுகிறவள்தான், எங்கள் பக்கத்துக் கிளப்பில்" என்று சொல்லித் தலையை நீட்டினார். "எந்தப் பிள்ளை உங்களுடையது?"

"பத்தொன்பது" என்றேன், படிவத்தில் பெயர் எழுதிக்கொண்டே.

அதே நேரம் கலா அக்கா வீரிட்டார். "பத்தொன்பது! ஆள் மாத்துற பலகையில பத்தொன்பது!"

நான் நிமிர்ந்து ஓட வெளிக்கிட்டேன். "முதலில் இங்கேயும் இங்கேயும் கையெழுத்து" என்றார் அந்தப் பெண், கண்ணைப் போனில் இருந்து எடுக்காமல். பயிற்சி வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது: படிவம் முடியும்வரை வோர்டன் இடத்தை விடக்கூடாது. நின்றேன். ஐந்து வருசமாக நான் காத்திருந்த கணம் எனக்கு எட்டு முதுகுகளுக்கு அந்தப் பக்கம் நடந்தது.

நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். "இறங்கிட்டாள்!" அது மலர். "அய்யோ, பந்தை விட்டுட்டாளே!" அது பூமணி அன்ரி. "விடுங்க அன்ரி, முதல் டச்சு." அது கார்த்திக். பிறகு இரண்டு இருமல். நான் பிறந்த திகதியை எழுதினேன், பிழை, வெட்டினேன், திரும்ப எழுதினேன். மேலதிக நேரம் தொடங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பிறகு அந்த உயரமான பெண்ணின் குரல், முதலில் மெதுவாக, பிறகு பெரிதாக: "கோ. கோ. கோ! ஓடு பிள்ளை, ஓடு!" ரவியண்ணை தொண்டை கிழியக் கத்தினார்: "போடு! உள்ளுக்குப் போடு!"

பிறகு ஸ்பிரிங்வேல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

வலது பக்கத்தால் ஓடி, மதில் மாதிரி நின்றவர்களில் இரண்டு பேரைத் தாண்டி, ஆரபி தூக்கிப் போட்ட பந்தை நோர்வேக் கப்டன் தலையால் தட்டினாள். உள்ளே. ஒன்றுக்குப் பூச்சியம். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. நோர்வே குழுவில் முதலிடம். இதெல்லாம் எனக்குப் பிறகு சொன்னார்கள்.

பிரியா வீடியோ எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த வீடியோவை நான் இதுவரை நூறு தரமாவது பார்த்திருப்பேன். முன்னால் ஏழு பேர் குதிக்கிறார்கள், இருமுகிறார்கள், அழுகிறார்கள். அழுவது சந்தோசத்திலா மிளகாயிலா என்று பிரிக்கமுடியாது. ஒரு இடியப்பத் தட்டு ஆகாயத்தில் போகிறது. பின்னால் சிவப்பு வெளிச்சம் சுழலுகிறது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் வெஸ்ட் போட்ட ஒரு கட்டையான மனிசன், நாக்கைக் கடித்துக்கொண்டு படிவம் நிரப்புகிறான். சத்தம் கேட்டு நிமிர்கிறான். படிவத்தை எறிகிறான். தீயணைப்புக்காரப் பெண்ணைக் கட்டிப்பிடிக்கிறான். அவர் அவனை நிலத்தில் இருந்து ஒரு அடி தூக்கிவிடுகிறார். அவனுடைய கால்கள் அந்தரத்தில் கைதட்டுகிற மாதிரி அடித்துக்கொள்கின்றன.

நான் சாந்திக்கு அனுப்ப நினைத்த வீடியோ இது இல்லை. இதை அனுப்பக்கூடாது என்று சொல்வதற்குள் தர்ஷி அனுப்பிவிட்டாள்.

ஹோலைக் கழுவித் துடைத்து, எல்லா யன்னலையும் திறந்துவிட்டு நான் படியில் இருந்தபோது போன் அடித்தது. நோர்வே இலக்கம். சாந்தி என்று நினைத்து எடுத்தேன். திரையில் முழு முகம். ஓரத்தால் போகிற தோள்மூட்டு இல்லை. முழு முகம், ஈரத் தலைமயிர், நெற்றியில் புல்.

"மாமா," என்றாள். ஐந்து வருசத்தில் குரல் பெரிய ஆளின் குரலாகியிருந்தது. "நீங்க ஏன் மஞ்சள் சட்டை போட்டிருந்தனீங்கள்?"

நான் இன்னும் கழற்றாத வெஸ்ட்டைக் குனிந்து பார்த்தேன். அவளே சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெட்டைகளின் தலை, எல்லாரும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

"மாமா."

"சொல்லு பிள்ளை."

"கால் முறியேல்ல."

"தெரியும் பிள்ளை. பாத்தனான்."

"பொய்!" என்று பின்னால் இருந்து மலர் கத்தினாள். "படிவம் நிரப்பினவர்!"

"அதுவும் பாத்தனான்" என்றாள் ஆரபி. பிறகு கொஞ்ச நேரம் போனை வைக்காமல் முழு முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் இன்னொரு பக்கெற்றும் எரிப்பேன்.

அன்றில் இருந்து எங்கள் குடும்பத்தில் கவலையை அளக்கிற அளவு பக்கெற். தர்ஷிக்குப் பரீட்சை என்றால், "அப்பா, இது அரைப் பக்கெற் கவலைதான், பேசாமல் படுங்கோ" என்பாள். மலரின் இரத்தப் பரிசோதனை முடிவு வரப் பிந்தியது ஒன்றரைப் பக்கெற். ஆரபி ஒவ்வொரு தகுதி ஆட்டத்துக்கும் முதல்நாள் எனக்கு ஒரு சிவப்பு மிளகாய்ப் படம் அனுப்புவாள். ஒரு மிளகாய் வந்தால் பெஞ்சு. மூன்று வந்தால் தொடக்கத்தில் இருந்தே விளையாடுகிறாள். இப்போது அநேகமாக மூன்றுதான் வருகிறது.

மனேஜர் என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. குசினிச் சுவர் அறிவித்தலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், ஒரு சொல்லும் எழுதாமல். அதோடு தீயணைப்பு வண்டிக்கான பில்லும் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு டொலர். நான் கட்டினேன். ஆனால் வந்திருந்த எல்லாரும் சேர்ந்துதான் இருமினோம், சேர்ந்துதான் கட்டவேண்டும் என்று கலா அக்கா ஒரே பிடியாக நின்றார்.

சிவம் அங்கிள் ஒன்பதால் பிரித்துப் பார்த்தார். நூற்று அறுபத்தாறு டொலர் அறுபத்தாறு சதம், மிச்சமும் வருகிறது. "இந்தக் கணக்கு முடியாது, ஆறு ஆறாப் போய்க்கொண்டே இருக்கு" என்று மூன்று நாள் நித்திரை இல்லாமல் திரிந்தார். இதைக் கேள்விப்பட்ட ஆரபி செய்தி போட்டாள்: "மாமா, புகை எனக்காகத்தானே. திரையில நானும் நிண்டனான். நான் பத்தாவது ஆள்." பத்தால் பிரித்தால் நூற்றைம்பது. அங்கிள் அன்றைக்குத்தான் நித்திரை கொண்டார்.

எட்டுப் பங்கும் வந்துவிட்டது, என்னுடையதையும் சேர்த்து. அலாம் அடித்தபோது தான் வெளியே காரில் இருந்ததாக ரவியண்ணை சொல்கிறார். பட்டியலில் சரி இருக்கிறது, வீடியோவில் குரல் இருக்கிறது, ஆகாயத்தில் போவது அவருடைய தட்டு. ஆரபி தன் பங்கை வங்கியால் அனுப்பினாள், நான் திருப்பி அனுப்பிவிட்டேன். மெல்பேணுக்கு வந்து, என் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்து, கையில் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "கட்டாயம் வாறன் மாமா, ஆனா மிளகாய் வேண்டாம்" என்றிருக்கிறாள்.

ஆகவே, இன்றைய திகதியில் எனக்கு வரவேண்டியது: ரவியண்ணையிடம் இருந்து நூற்றைம்பது, உடனடியாக. ஆரபியிடம் இருந்து நூற்றைம்பது, ஆறுதலாக. மொத்தம் முந்நூறு டொலர்.